சுக்கானடியில ஒழுகின வள்ளம்

போன சோளகத்துக்கு (தென்மேல் காத்துக் காலம்) முன்னம் யாழ்ப்பாணம் குருநகரில ஒரு பழைய பைபர் பாய்வள்ளம் வாங்கினன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்பக்கம் ரெண்டு வாளி தண்ணி. அடியிலதான் வெடிப்பு எண்டு நினைச்சு ரெசினை (பைபர் ஒட்டுற பசை) வீணாக்கினதுதான் மிச்சம். பக்கத்து வாடி அண்ணைதான் சொன்னார்: "தம்பி, கரையில ஏத்தி, உள்ளுக்குத் தண்ணியை விட்டுப் பாரும்."

ஊத்தினன். சுக்கான் பிணைச்சல் போல்ற் துளையால ஒழுகிச்சு! கழட்டினா உள்பலகை உழுத்துக் கிடக்கு. சுரண்டி எடுத்து, நல்ல தண்ணியில உப்பைக் கழுவி, நாலு நாள் காயவிட்டன் (ஈரத்தில ரெசின் ஒட்டாது, என்ரை முதல் பிழையும் அதுதான்). புதுப் பலகை வைச்சு, துளையை எபொக்சிப் பசையால முழுக்க அடைச்சு, இறுகின பிறகு அதுக்குள்ளயே சின்னத் துளை போட்டு, தண்ணி புகாம அடைக்கிற சீலன்ற் பூசி, ஸ்ரெயின்லெஸ் போல்ற் முடுக்கினன்.

நேற்று மண்டைதீவுப் பக்கம் போய் வந்தன். அடி காஞ்சுதான் கிடந்தது.