பசுமையா, பகட்டா: மன்னர் சார்லஸ் தலைப்பில் பட்டிமன்றம் பேசுவது எப்படி?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மன்றம் நடத்திய பட்டிமன்றத்தில் போன தடவை விழுந்த தலைப்பு, "மன்னர் சார்லஸ்: பசுமையா, பகட்டா?" பிரிட்டன் மன்னருக்குச் சுற்றுச்சூழல் மீது இருப்பது உண்மையான அக்கறையா, வெறும் பகட்டா என்பதுதான் கேள்வி. அடுத்து இதையே பினாங்கிலும் வைக்கப்போகிறார்களாம். பேசப்போகும் தம்பி ஒருவரும் தங்கை ஒருவரும் புலனத்தில் (வாட்ஸ்அப்) "அண்ணா, குறிப்பு கொடுங்கள்" என்று கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதல் வேலை, தட்டுக்கு ஒரு தாள், விமானத்துக்கு ஒரு தாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிடுவது என்பது அவர் முடிவு. எங்கே பறப்பது என்பதில் பாதி அரசாங்கத்தின் முடிவு. இது பிடிபட்டுவிட்டால் எந்த அணியில் போட்டாலும் பேசலாம்.

தட்டிலிருந்து தொடங்குங்கள், சபைக்கு அதுதான் பிடிக்கும். 2021இல் பிபிசி பேட்டியில் அவரே சொன்னது: வாரத்தில் 2 நாள் இறைச்சியும் மீனும் தொடுவதில்லை, 1 நாள் பால் பொருளும் கிடையாது. இதைச் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துங்கள். செவ்வாயும் வெள்ளியும் சைவம் பிடிக்கிற அம்மாக்கள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள், "இவ்வளவுதானா?" என்று சிரிப்பு தானாக வரும். பகட்டு அணி அந்தச் சிரிப்போடு அடுத்ததுக்குப் போய்விடலாம். பசுமை அணி, சிரிப்பு அடங்கியதும், "எல்லோரும் இதைச் செய்தால் பூமிக்குப் பாரம் குறையும் என்றுதான் அவரும் சொன்னார், நம் பாட்டிகள் கணக்குப் பார்க்காமலே செய்தார்கள்" என்று திருப்பிவிட வேண்டும்.

இன்னொன்று, 2023 செப்டம்பரில் வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு அதிபர் வைத்த விருந்து. வாத்துக்கு வலுக்கட்டாயமாகத் தீனி திணித்து ஈரலைக் கொழுக்க வைத்துச் செய்யும் ஃபுவா க்ரா பிரான்சின் பெருமை, ஆனால் சார்லஸ் அதைத் தன் வீடுகளில் பல வருடங்களுக்கு முன்பே நிறுத்தியவர், அன்றைய மேசையிலும் அது இல்லை. சரி, பதிலுக்கு என்ன இருந்தது? நீல சிங்க இறாலும், பிரான்சின் உயர்ரகப் பிரெஸ் கோழியும். எந்த அணிக்கு எந்தப் பாதி என்று நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே என் கதை ஒன்று. என் முதல் மேடையில், "மன்னருக்குக் காலையில் 7 முட்டை அவிப்பார்களாம், பதம் சரியாக இருக்கும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வாராம்" என்று அடித்துவிட்டேன். நல்ல கைதட்டல். எதிரணியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து, "தம்பி, அது ஒரு பத்திரிகையாளர் எழுதியது, சார்லஸின் அலுவலகமே மறுத்துவிட்டது. இந்த 7 முட்டையை அவித்தது அரண்மனையா, நீங்களா?" என்றார். அப்புறம் நான் பேசிய எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. போகிற இடமெல்லாம் சொந்தக் கழிப்பறை இருக்கையைத் தூக்கிப்போகிறார் என்பதும் அதே ரகம், 2018இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் நேரிலேயே கேட்டபோது நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டார். 2018இல் மதியம் சாப்பிடாதவராக இருந்தார் என்பதைத் தாராளமாகச் சொல்லலாம், அந்த வருடம் 70 வயதானபோது அவர் அலுவலகமே வெளியிட்ட பட்டியலில் இருந்தது. புலனத்தில் வந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது விமானம். இரண்டு பருவநிலை மாநாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2022இல் எகிப்து மாநாட்டுக்கு அவர் போகவில்லை, பிரதமராக இருந்த லிஸ் டிரஸ் தந்த ஆலோசனை அது. 2023இல் துபாய் மாநாட்டைத் தொடங்கி வைத்துப் பேசினார், ஆனால் அவரும் பிரதமர் ரிஷி சுனக்கும் வெளியுறவு அமைச்சர் டேவிட் கேமரனும் அதே ஊருக்குத் தனித்தனி விமானத்தில் போனார்கள். பகட்டு அணிக்கு இதைவிட நல்ல ஆயுதம் இல்லை. பசுமை அணி இதை மறுத்துப் பேச முயல வேண்டாம், ஒப்புக்கொண்டுவிட்டு, "போகாதே என்றால் நிற்கிறார், போ என்றால் பறக்கிறார், டிக்கெட் போடுவது யார்?" என்று கேளுங்கள். நான் நடுவராக இருந்தால் அதற்கு மதிப்பெண் போடுவேன். ஆனால் 1970இலேயே, 21 வயதில், கார்டிஃபில் நெகிழிக் குப்பையைப் பற்றிப் பேசியவர் 3 விமானத்தை 1 ஆக்கக் கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது.

தாவர எண்ணெயில் ஓடக்கூடிய அரச ரயிலை 2027க்குள் நிறுத்தப் போவதாக 2025இல் அரண்மனை அறிவித்ததும், பயணத்துக்குப் புது ஹெலிகாப்டர்கள் இருப்பதும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகக்கூடியது. காருக்குத்தான் நேரம் கொடுங்கள். 21ஆம் பிறந்தநாளுக்கு அம்மா தந்த ஆஸ்டன் மார்ட்டின், மிஞ்சிய வெள்ளை ஒயினிலிருந்தும் பாலாடைக்கட்டி செய்யும்போது வடியும் தண்ணீரிலிருந்தும் எடுத்த எத்தனாலில் ஓடுகிறது, 85 விழுக்காடு அது, மீதி பெட்ரோல். ரோன் 95 பெட்ரோல் போட்டுக்கொண்டு நெரிசலில் நிற்கிற நம் சபையில் இது எப்படி எடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

பினாங்கில் பேசுபவர்கள், 2017 நவம்பரில் அவர் மனைவி கமிலாவோடு ஜார்ஜ் டவுனுக்கு வந்து போனதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள், பார்த்தவர் யாராவது சபையில் இருக்கலாம். நம் மாமன்னரையோ சுல்தான்களையோ மட்டும் ஒப்பீட்டுக்கு இழுக்காதீர்கள், அது 3ஆர் (இனம், சமயம், அரச குடும்பம் என்ற தொடக்கூடாத மூன்று) விஷயம், சிரிப்புக்காகக்கூட வேண்டாம்.

7 நிமிடம்தான் தருவார்கள். 6ஆவது நிமிட மணி அடித்துவிட்டால் ரயிலை விட்டுவிட்டுக் காருக்கு வந்துவிடுங்கள்.