குடுவைக்குள் பரிணாமத்தைப் பின்தொடர்வது எப்படி: பாக்டீரியாத் தொடர்வளர்ப்புக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மூதாதைச் செல்லின் வழிவந்தவற்றையும், ஆயிரம் தலைமுறை கடந்து மாறிவிட்ட அதன் வாரிசுகளையும் ஒரே குடுவையில் விட்டு, எது முந்துகிறது என்று மறுநாளே எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு நுண்ணுயிரிகளில்தான் நமக்கு எளிதாகக் கிடைக்கிறது. பெரிய விலங்குகளின் மூதாதை எலும்பாகவோ படிமமாகவோ மட்டுமே எஞ்சியிருக்கும். பாக்டீரியாவின் மூதாதையோ உறைபெட்டியில் உறங்கிக்கொண்டிருக்கும், வேண்டும்போது எழுப்பிக்கொள்ளலாம். கீழே விளக்கும் தொடர்வளர்ப்பு முறையின், அதாவது வளர்ப்பின் ஒரு சிறு பகுதியை நாள்தோறும் புதிய குடுவைக்கு மாற்றிக்கொண்டே போகும் முறையின், எல்லாப் படிகளும் இந்த ஒரே ஒப்பீட்டை நம்பத்தக்கதாக வைத்திருப்பதற்காகவே உள்ளன. ஒரு படியைத் தவிர்க்கலாமா என்ற ஐயம் எழும்போதெல்லாம், அதைத் தவிர்த்தால் மூதாதையோடு செய்யும் ஒப்பீடு கெடுமா என்று கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும்.

இம்முறையின் முன்மாதிரி, அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று இர்வைனிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 12 குடுவைகளுடன் தொடங்கிய ஆய்வு. பிறகு அது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திற்கும், 2022இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற்கும் இடம்பெயர்ந்து, 75,000 தலைமுறைகளைத் தாண்டி இன்றும் தொடர்கிறது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே, வில்லியம் டாலிங்கர் என்ற பாதிரியார் நுண்ணிய ஒருசெல் உயிரிகளை ஏழாண்டுக் காலம் வளர்த்து, வெப்பத்தை மெல்ல மெல்ல ஏற்றி, அவை ஏறத்தாழ 70 பாகை செல்சியஸிலும் வாழும்படி செய்திருந்தார். 1886இல் அவருடைய அடைகாப்புக் கருவி விபத்தில் அழிந்ததோடு அந்த ஆய்வு முடிந்துபோனது. இழந்ததை மீட்க உறைந்த மாதிரி எதுவும் அவரிடம் இல்லை. உறைபெட்டியைப் பற்றிப் பின்னால் நான் வலியுறுத்திப் பேசுவதன் காரணம் இதுதான்.

தொடங்குவதற்கு முன்

இந்த ஆய்வை வீட்டில் செய்யக் கூடாது. ஆட்டோகிளேவும் (உயர் அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் கருவி), நுண்ணுயிரியல் பயிற்சி பெற்ற ஒரு மேற்பார்வையாளரும் உள்ள ஆய்வகம் தேவை. நோய் உண்டாக்காதவை என்று நன்கு அறியப்பட்ட ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் பி வகை அல்லது கே-12 வகையை, அங்கீகரிக்கப்பட்ட வளர்ப்புச் சேகரிப்பு நிலையம் ஒன்றிலிருந்து பெறுங்கள். மண்ணிலிருந்தோ கழிவுநீரிலிருந்தோ பிரித்தெடுத்த அடையாளம் தெரியாத பாக்டீரியாவைப் பல தலைமுறை பெருக்குவது பொறுப்பற்ற செயல். அதேபோல், ஆன்டிபயாடிக்கை ஊடகத்தில் (பாக்டீரியா வளரும் சத்துக் கரைசலில்) கலந்து எதிர்ப்புத்திறனைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வு முடிவைச் சீக்கிரம் காட்டும் என்பதால் பலரை ஈர்க்கிறது. பயிற்சி ஆய்வுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. சர்க்கரைப் பற்றாக்குறையே போதுமான தேர்வழுத்தம், அதாவது சில செல்களை மற்றவற்றைவிட அதிகம் பெருகவைக்கும் நெருக்கடி.

லென்ஸ்கி ஒரே வகையின் இரண்டு வடிவங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றால் அராபினோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்த முடியாது, மற்றொன்றால் முடியும். டெட்ராசோலியம் சாயமும் அராபினோஸும் சேர்த்த அகார் தட்டில் முதல் வடிவம் சிவப்புக் காலனிகளாகவும், இரண்டாவது வெள்ளைக் காலனிகளாகவும் வளரும். குடுவை ஊடகத்தில் அராபினோஸ் இல்லாததால் இந்த வேறுபாடு அங்கே எந்தச் சாதகத்தையும் தருவதில்லை. வெறும் அடையாளக் குறியாக நிற்கிறது. இந்த எளிய ஏற்பாடு இல்லாவிட்டால் ஆய்வின் பாதிப் பயன் போய்விடும், ஏனென்றால் கலந்து வளர்ந்த மூதாதையையும் வாரிசையும் கண்ணால் பிரித்தறிய வேறு எளிய வழி இல்லை.

ஒவ்வொரு குடுவையையும் தனித்த ஒரு காலனியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு காலனி என்பது ஒரே செல்லின் வழிவந்த கூட்டம். எனவே பின்னால் தோன்றும் வேறுபாடு ஏறக்குறைய முழுவதும் புதிதாக நேர்ந்த திடீர்மாற்றங்களிலிருந்து (டி.என்.ஏ.வில் தற்செயலாக நேரும் மாற்றங்களிலிருந்து) வந்ததாகவே இருக்கும். திடீர்மாற்றங்கள் தேர்வழுத்தத்திற்கு விடையாக உண்டாகாமல், அதற்கு முன்பே தற்செயலாக நேர்ந்துவிடுகின்றன என்பதை 1943இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும், தனித்தனியாகத் தொடங்கிய பல வளர்ப்புகளில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை எதிர்க்கும் செல்களின் எண்ணிக்கை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று ஒப்பிட்டே நிறுவினார்கள். தனி வளர்ப்புகள் பல இருந்தால்தான் தற்செயலையும் தேர்வையும் பிரித்துப் பார்க்க முடியும். ஒரே ஒரு குடுவையில் என்ன நடந்தாலும் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது. குறைந்தது ஆறு குடுவைகளாவது, மூன்று சிவப்பும் மூன்று வெள்ளையுமாக, வைத்துக்கொள்ளுங்கள்.

நாள்தோறும் செய்ய வேண்டியது

லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளுக்கோஸ் மட்டுமே கொண்ட டேவிஸ் குறைந்தபட்ச ஊடகத்தை, 50 மில்லிலிட்டர் குடுவைகளில் 9.9 மில்லிலிட்டர் வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் குடுவையை நன்றாகக் குலுக்கி, அதிலிருந்து 0.1 மில்லிலிட்டரைப் புதிய குடுவைக்கு மாற்றி, 37 பாகை செல்சியஸில், நிமிடத்திற்கு 120 சுழற்சி வேகத்தில் ஆட்டும் அடைகாப்பானில் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து இதையே மீண்டும் செய்ய வேண்டும். நாள்தோறும் செய்ய வேண்டியது இவ்வளவுதான், ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது.

நூறில் ஒரு பங்கு மாற்றப்படுவதால், கூட்டம் மீண்டும் பழைய அளவை எட்ட நூறு மடங்கு பெருக வேண்டும். இரண்டின் அடுக்காகக் கணக்கிட்டால் அது 6.64 இரட்டிப்புகள், அதாவது நாளொன்றுக்கு ஆறரைக்குச் சற்று மேற்பட்ட தலைமுறை. 15 நாளில் 100 தலைமுறை, 75 நாளில் 500, ஐந்து மாதத்தில் 1,000.

சர்க்கரையை ஏன் இவ்வளவு குறைவாக வைக்கிறோம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இந்த அளவில் ஒரு குடுவையில் ஏறத்தாழ 50 கோடி செல்கள் மட்டுமே வளரும். செல்கள் வெளியேற்றும் கழிவுகள் அதிகம் தேங்காததால் போட்டி பெரும்பாலும் குளுக்கோஸுக்காகவே நடக்கும். எண்ணிக்கை குறைவு என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஈ.கோலையின் மரபணுத்தொகையில் சுமார் 46 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் உள்ளன. தோராயமாக 2,500 செல்பிரிவுகளுக்கு ஒன்றில் ஒரு புதிய திடீர்மாற்றம் நேர்கிறது. அப்படியானால் ஒரு குடுவையில் ஒரே நாளில் ஏறத்தாழ இரண்டு லட்சம் திடீர்மாற்றங்கள் தோன்றுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மறுநாள் அந்த 0.1 மில்லிலிட்டரில் இடம்பெறாமலே மறைந்துவிடும். எவ்வளவு நல்ல மாற்றமானாலும், ஒரே ஒரு செல்லில் இருக்கும்வரை அதன் விதியைப் பெரிதும் தற்செயல்தான் முடிவு செய்கிறது. சற்றுப் பெருகிய பிறகே இயற்கைத் தேர்வு அதைக் கைப்பற்றி மேலே கொண்டுசெல்லும்.

மாற்றும்போது சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மாறி மாறி வரிசைப்படுத்துங்கள். பாக்டீரியா எதுவும் சேர்க்காத ஒரு வெறும் குடுவையையும் அதே வரிசையில் வைத்து, அதே பிப்பெட்டால் (திரவத்தை அளந்தெடுக்கும் கருவியால்) அதே அசைவுகளைச் செய்யுங்கள். வெறும் குடுவை மறுநாள் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினால் ஊடகத்தையும் உங்கள் கையையும் சந்தேகியுங்கள்.

இந்த ஒழுங்கின் அருமையை நான் ஒரு தவறிலிருந்து கற்றேன். 45ஆம் நாள் சரிபார்ப்பில், சிவப்பாக மட்டுமே இருக்க வேண்டிய ஒரு தட்டில், ஏறத்தாழ 200 காலனிகளுக்கு நடுவே முப்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காலனிகள் தென்பட்டன. ஓரிரண்டு இருந்திருந்தால் அராபினோஸ் திறனை மீட்ட அரிய திடீர்மாற்றம் என்று கருதியிருக்கலாம். முப்பது இருந்ததால் பக்கத்துக் குடுவையின் துளி விழுந்திருக்கும் என்ற ஐயம் வலுத்தது. இரண்டு மாற்றங்களுக்கிடையே பிப்பெட் முனையை மாற்ற மறந்திருக்கிறேன் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. 30ஆம் நாளின் உறைந்த மாதிரியை எடுத்து அந்தக் கூட்டத்தை மீண்டும் தொடங்கினேன். பதினைந்து நாள் உழைப்பு போயிற்று. அந்தக் குப்பி இல்லாதிருந்தால் எல்லாமே போயிருக்கும்.

உறைந்த ஆவணம்

15 நாளுக்கு ஒருமுறை, புதிய குடுவைக்கு மாற்றிய பின் மிஞ்சும் வளர்ப்பில் கிளிசரால் கலந்து, சிறு குப்பிகளில் பிரித்து −80 பாகை செல்சியஸில் வையுங்கள். கிளிசரால் இல்லாவிட்டால் பனிப்படிகங்கள் செல்களைச் சிதைத்துவிடும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் குறைந்தது இரண்டு குப்பிகள், இயன்றால் இரண்டு வெவ்வேறு உறைபெட்டிகளில். குப்பியின் மேல் கூட்டத்தின் பெயர், நாள், தலைமுறை எண் மூன்றையும் உறைகுளிரில் அழியாத மையால் எழுதுங்கள். மங்கிய எழுத்துள்ள குப்பியை யாராலும் பயன்படுத்த முடியாது. முந்தைய நாள் குடுவைகளையும் வீசிவிடாமல் 4 பாகையில் ஒரு நாள் வைத்திருங்கள். காலையில் ஒரு குடுவை உடைந்தால் அதிலிருந்தே தொடரலாம். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் லென்ஸ்கியின் ஆய்வு சில மாதங்கள் நின்றபோது, பிறகு அதை மீண்டும் உயிர்ப்பித்தவை இத்தகைய உறைந்த மாதிரிகளே.

உறைந்த மாதிரியின் மிகப் பெரிய பயன் வரலாற்றை மறுபடி ஓட்டிப் பார்க்க முடிவது. ஆக்சிஜன் உள்ள சூழலில் சிட்ரேட்டை உணவாக்க ஈ.கோலையால் இயல்பாக முடியாது. லென்ஸ்கியின் ஊடகத்தில் குளுக்கோஸைவிட மிக அதிகமாக சிட்ரேட் இருந்தும், 30,000 தலைமுறைகளுக்கு மேலாக எந்தக் கூட்டமும் அதைத் தொடவில்லை. பிறகு, 2003இல், 12இல் ஒரே ஒரு குடுவை வழக்கத்துக்கு மாறாக அடர்த்தியாகக் கலங்கி நின்றது. லென்ஸ்கியின் ஆய்வகத்தைச் சேர்ந்த சக்கரி பிளவுன்ட் அதே கூட்டத்தின் பழைய உறைமாதிரிகளை எழுப்பி மீண்டும் மீண்டும் வளர்த்தபோது, 20,000 தலைமுறைகளுக்குப் பிந்தைய மாதிரிகளிலிருந்தே சிட்ரேட் உண்ணும் செல்கள் திரும்பத் தோன்றின, முந்தையவற்றிலிருந்து தோன்றவில்லை. புலப்படாத ஏதோ ஒரு முன்மாற்றம் முதலில் நேர்ந்து வழி திறந்திருக்க வேண்டும் என்று 2008இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. சிட்ரேட்டைச் செல்லுக்குள் கொண்டுவரும் மரபணு இரட்டித்து, ஆக்சிஜன் இருக்கும்போதும் இயங்கும் ஒரு தூண்டிப் பகுதியின் அருகே சென்று சேர்ந்திருந்தது என்பது மரபணுத்தொகையைப் படித்த பின் தெரியவந்தது.

தகவமைவை அளப்பது

100, 500, 1,000 என்று நீங்கள் தேர்ந்த தலைமுறைகளின் மாதிரிகளை எழுப்பி, முதலில் ஒரு நாள் அதே ஊடகத்தில் பழக்குங்கள். உறைபெட்டியிலிருந்து நேராகப் போட்டியில் இறக்கினால், உறைதலிலிருந்து மீளும் வேகத்தை அளந்ததாகிவிடும். பிறகு சிவப்பு வாரிசையும் வெள்ளை மூதாதையையும் சம அளவில், ஒவ்வொன்றிலும் 0.05 மில்லிலிட்டர் வீதம், ஒரே குடுவையில் கலந்து, உடனே ஒரு மாதிரியை நீர்த்துத் தட்டில் பரப்புங்கள். 24 மணி நேரம் கழித்து, நூறு மடங்கு கூடுதலாக நீர்த்து மீண்டும் பரப்புங்கள்.

முதல் நாள் 100 சிவப்பு, 100 வெள்ளை. மறுநாள் 130 சிவப்பு, 70 வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். நூறு மடங்கு கூடுதல் நீர்த்தலைக் கணக்கில் எடுத்தால், சிவப்பு 130 மடங்கும் வெள்ளை 70 மடங்கும் பெருகியுள்ளன. இவற்றின் இயல் மடக்கைகள் 4.87, 4.25, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.15. வாரிசின் ஒப்புத் தகுதி மூதாதையைவிட 15 விழுக்காடு கூடுதல் என்பது இதன் பொருள். இதை ஒருமுறை மட்டும் செய்து எண்ணை நம்பிவிடாதீர்கள். தட்டில் 100 காலனிகள் எண்ணும்போது பத்துக்குமேல் கூடுவதும் குறைவதும் தற்செயலாலேயே நேரும். ஐந்து முறையாவது செய்து சராசரி எடுங்கள். சிவப்பு மூதாதையையும் வெள்ளை மூதாதையையும் மோதவிட்டு விடை 1 வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவதும் கட்டாயம். வராவிட்டால் நிறக்குறியே போட்டியைப் பாதிக்கிறது.

லென்ஸ்கியின் கூட்டங்களில் முதல் 2,000 தலைமுறைகளில் தகுதி சராசரியாக ஏறத்தாழ 37 விழுக்காடு உயர்ந்தது. அதன் பிறகு வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. உங்கள் வரைபடமும் தொடக்கத்தில் செங்குத்தாக ஏறிப் பிறகு சாய்ந்தால் வியக்க வேண்டாம்.

வசதி இருந்தால் மாதிரிகளின் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தி மூதாதையோடு ஒப்பிடுங்கள். தனித்தனிக் குடுவைகள் பலவற்றில் ஒரே மரபணு மாறியிருந்தால் அதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். லென்ஸ்கியின் 12 கூட்டங்களுமே ரைபோஸ் சர்க்கரையைப் பயன்படுத்தும் திறனை இழந்தன. 12இலும் செல்கள் பருமனாயின.

ஐந்து மாதம் இல்லாதவர்களுக்கு

−80 பாகை உறைபெட்டியோ ஐந்து மாதப் பொறுமையோ இல்லாத வகுப்பறைக்கு, 1998இல் பால் ரெய்னியும் மைக்கேல் டிராவிசானோவும் வெளியிட்ட முறை மிகப் பொருத்தம். சூடோமோனாஸ் ஃபுளோரெசென்ஸ் என்ற பாக்டீரியாவைத் தனிக் காலனியிலிருந்து எடுத்து, மூடியைச் சற்றே தளர்த்திய இரண்டு சிறு புட்டிகளில், சத்து மிகுந்த ஊடகத்தில், 28 பாகையில் வளர்த்தால் போதும். ஒரு புட்டியைத் தொடர்ந்து ஆட்டுங்கள். மற்றதை அசைக்காமல் வையுங்கள். ஆட்டிய புட்டி ஒரே சீராகக் கலங்கியிருக்கும். அசையாத புட்டியில் சில நாளில் மேற்பரப்பில் ஒரு வெண்படலம் படரும். கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோக, செல்லுலோஸை மிகுதியாகச் சுரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் திடீர்மாற்றச் செல்கள் காற்றின் விளிம்பில் இடம் பிடித்துவிட்டன. இரண்டு புட்டிகளிலிருந்தும் தட்டில் பரப்பினால், முதலாவதில் வழவழப்பான மூதாதைக் காலனிகள் மட்டுமே இருக்க, இரண்டாவதில் சுருக்கம் விழுந்த புதிய காலனிகளும் கலந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

அதன் பிறகும் அசையாத புட்டியை அப்படியே விட்டுவையுங்கள். படலத்துக்குள் மறுபடியும் வழவழப்பான செல்கள் தோன்றும். அவை பசையைச் சுரக்கும் செலவைச் செய்யாமல், பிறர் கட்டிய படலத்தில் தங்கி வேகமாகப் பெருகும். அவை மிகுந்துவிட்டால் படலம் வலுவிழந்து, ஒரு நாள் அடியில் மூழ்கிக் கிடக்கும்.