தொலைதூர ரேடியோ விண்மீன் திரள்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியோ அலையில் ஒரு விண்மீன் திரள் பிரகாசமாகத் தெரிந்தால், அங்கே விண்மீன்களும் ஏராளமாகப் பிறக்கின்றன என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த அலைகள் விண்மீன்களிலிருந்து வருபவை அல்ல. நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளை இரு பக்கமும் தாரைகளைப் பீய்ச்சுகிறது. அவற்றில் ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழல்வதால் எழுபவை அவை.

விண்மீன் பிறப்பை அளக்க தூசியைத்தான் பார்க்க வேண்டும். இளம் விண்மீன்கள் சூடாக்கிய தூசி தொலை அகச்சிவப்பில் ஒளிரும். கருந்துளையை ஒட்டிய தூசி இன்னும் சூடானது, நடு அகச்சிவப்பில் ஒளிரும். இரண்டையும் பிரிக்காமல் கூட்டினால் கணக்கு ஊதிப்போகும். 'சிலந்திவலை' எனப்படும் திரளின் ஒளி நம்மை அடைய ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருக்கிறது. ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியின் தரவை அப்படிப் பிரித்துப் பார்த்த பிறகும், அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,400 சூரியன்களின் நிறையளவு விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்தது தெரிந்தது. நம் பால்வீதியில் ஒன்றிரண்டுதான்!

எனக்கு மிகவும் பிடித்த பாடம் 1987-இல் கிடைத்தது. தொலைவிலுள்ள இத்திரள்களின் ஒளி, ரேடியோ தாரையின் திசையிலேயே நீண்டு கிடப்பதை வானியலாளர்கள் கண்டார்கள். தாரை மோதி வாயு அமுங்கி, வழிநெடுக விண்மீன்கள் பிறந்திருக்கும் என்பது கவர்ச்சியான விளக்கம். பிறகு அந்த ஒளியில் முனைவாக்கம் தென்பட்டது. அதாவது ஒளி அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்ந்தன; சிதறி வரும் ஒளியின் அடையாளம் அது. அப்படியானால் அதில் ஒரு பங்கு கருந்துளைப் பகுதியின் ஒளி. தூசியிலும் எலெக்ட்ரான்களிலும் பட்டுச் சிதறி வந்தது. சூடான வாயுவின் சொந்த ஒளியும் அதில் கலந்திருந்தது. ஆகவே நீண்டு தெரிவதையெல்லாம் இளம் விண்மீன் என்று எண்ணக் கூடாது.

அதற்காக முழுவதையும் தள்ளிவிடுவதும் தவறு. 4சி 41.17 என்ற திரளில் 1997-இல் ஆராய்ந்தபோது அந்த முனைவாக்கம் இல்லை. இளம் விண்மீன்களுக்கே உரிய உட்கவர் கோடுகள் (நிறமாலையில் ஒளி உறிஞ்சப்பட்ட இடங்களில் தெரியும் இருண்ட கோடுகள்) இருந்தன. கருந்துளை விண்மீன் பிறப்பை நிறுத்த மட்டுமே செய்யும் என்ற பேச்சு இங்கே பொருந்தாது. வாயுவைச் சூடாக்கி வெளியே தள்ளும் அதே தாரை, அடர்ந்த வாயுவை அமுக்கி விண்மீனைப் பிறப்பிக்கவும் செய்யும்.

கடைசியாக, இவற்றைத் தனி இனமாகக் கருத வேண்டாம். தாரை சில கோடி ஆண்டுகள் பீய்ச்சி ஓயக்கூடிய கட்டம்தான். வாயு தீர்ந்து, அண்டைத் திரள்களை விழுங்கி வளரும் இவை, திரள்கள் கூடிய பெருங்கொத்துகளின் நடுவில் இருக்கும் ராட்சத நீள்வட்டத் திரள்களாக மாறியிருக்கும் என்பதே பரவலான கருத்து.