அப்பாவின் கொடுப்பனவு: சான்றிதழில் விடுபட்டிருந்த விஷயம்

அப்பாவின் மாற்றுத்திறனாளி கொடுப்பனவு விண்ணப்பம் "தகுதி இல்லை" என்றே திரும்பி வந்தது. 2009இல் போரின்போது முல்லைத்தீவு மாத்தளனில் செல் (எறிகணை) பட்ட கால். கிராம அலுவலரின் கடிதம், காயத்தோடு அவரைக் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுபோனபோது கொடுத்த மங்கிய துண்டுச்சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் மேன்முறையீட்டோடு வைத்தோம். எடுபடவில்லை.

அப்புறம் மருத்துவச் சான்றிதழை வரி வரியாக வாசித்தேன். "வலது முழங்காலில் பழைய காயம், ஆறிவிட்டது." அவ்வளவுதான். காயம் ஆறியது உண்மை. முழங்கால் மடியாததைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

திரும்பவும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். தடி இல்லாமல் கதிரையிலிருந்து எழும்ப அப்பா படும் பாட்டை டொக்டர் பார்த்தார். முழங்கால் எத்தனை பாகை மடிகிறது என்று அளந்தார். தடியின்றி நடக்க முடியாது, நிலத்தில் இருக்க முடியாது, வயல் வேலை இயலாது, இது நிரந்தரம் என்று எழுதித் தந்தார். அந்தத் தாளைக் கொடுத்த பிறகுதான் அப்பாவின் பெயர் பட்டியலில் ஏறியது. பெரிய நிம்மதி.