'99 சதவீதம் துல்லியம்' என்று வாயைத் திறக்கும் முன்: என்.ஐ.பி.டி. கவுன்சலிங்கில் தவிர்க்க வேண்டியவை

என்.ஐ.பி.டி. என்பது தாயின் ரத்தத்தை எடுத்து, கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்கும் பரிசோதனை. கர்ப்பிணிகளுக்கு மரபணுக் கவுன்சலிங் கொடுக்கப் புதிதாக வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே பள்ளங்களில் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். ரத்தக் குழாயில் பெயரை மாற்றி ஒட்டுவது, பத்து வாரம் ஆகும் முன்பே ரத்தம் எடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதற்கெல்லாம் திட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

'குழந்தையின் டி.என்.ஏ.வைப் பார்க்கிறோம்' என்பது

தாயின் ரத்தத்தில் கருவுக்குரிய டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்று விஞ்ஞானி டென்னிஸ் லோவின் குழு 1997இல் காட்டியது. ஆனால் அவை பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்பவை. பத்தாவது வாரத்துக்குப் பிறகு, தாயின் ரத்தத்தில் இப்படி மிதக்கும் மொத்த டி.என்.ஏ.வில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியிலிருந்து வந்தது, மீதி தாயுடையது. நஞ்சுக்கொடிக்கும் குழந்தைக்கும் குரோமோசோம்கள் பொதுவாக ஒன்றாகவே இருக்கும், சில சமயம் நஞ்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்து குழந்தை நன்றாக இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

99 சதவீதம்

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இதுதான்.

இருபத்தாறு வயதுப் பெண், முதல் கர்ப்பம். ரிப்போர்ட்டில் ட்ரைசோமி 21 (21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது, அதாவது டவுன் சிண்ட்ரோம்) என்ற வரிக்கு நேரே சிவப்பில் 'ஹை ரிஸ்க்'. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், கண்டறியும் திறன் 99 சதவீதத்துக்கு மேல் என்று ஒரு வரி. எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவர் அதை அப்படியே போனில் வாசித்திருக்கிறார். கணவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ டவுன் சிண்ட்ரோம் இருக்க 99 சதவீதம் வாய்ப்பா மேடம்?" இவர் "ஆமாம் சார்" என்றுவிட்டார். வார இறுதி கழிந்து அவர்கள் வந்தபோது கலைத்துவிடுவது என்று முடிவாகி, எங்கே எப்போது என்பது வரை பேசி முடித்திருந்தார்கள். ஃபைல் மாமியார் மடியில் இருந்தது, அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த வயதில், அந்த வாரத்தில், ஏறக்குறைய ஆயிரம் கர்ப்பத்தில் ஒன்றுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். பத்தாயிரம் பேருக்குப் பரிசோதனை செய்தால் உண்மையாகவே உள்ளவர்கள் பத்துப் பேர், அவர்களில் அநேகமாக எல்லோரையும் பரிசோதனை பிடித்துவிடும். சரி, மீதி 9,990 பேர்? ஆயிரத்தில் ஒருவருக்குத் தவறாக 'ஹை ரிஸ்க்' வந்தாலும் அங்கே ஒரு பத்துப் பேர் ஆகிவிடுகிறது. ஆக, சிவப்பு எழுத்தோடு வந்திருக்கும் இருபது பேரில் பாதிப் பேருக்குத்தான் பிரச்சினை. அதே கணக்கை நாற்பது வயதுக்குப் போட்டால், நூறில் ஒன்று என்று வைத்தாலே, 109 சிவப்பு ரிப்போர்ட்டில் 99 உண்மையாக இருக்கும். பரிசோதனை அதேதான், வயது மாறியதும் பதில் மாறிவிட்டது. ட்ரைசோமி 13, அப்புறம் கூடுதல் பேக்கேஜாக விற்கும் நுண்நீக்கங்கள் (குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்டிருப்பது) எல்லாம் இதைவிட அரிதானவை, அங்கே பொய் எச்சரிக்கையின் பங்கு இன்னும் ஏறும்.

99 என்பது, பாதிப்பு இருந்தால் பரிசோதனை அதைப் பிடிக்குமா என்ற கேள்விக்கான பதில். எதிரில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது, பிடித்துவிட்டது என்கிறீர்களே, நிஜமாகவே இருக்கிறதா என்று. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாதவர் 'ஹை ரிஸ்க்' ரிப்போர்ட்டுக்குப் போனை எடுக்கவே கூடாது. இந்த மாதிரிப் பரிசோதனையை மட்டும் நம்பிக் கர்ப்பத்தைக் கலைத்தவர்கள் உண்டு என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 ஏப்ரலில் வெளிப்படையாகவே எச்சரித்தது.

உறுதி செய்ய ஆம்னியோ, அதாவது கருவைச் சுற்றியுள்ள பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் செய்யும் பரிசோதனை வேண்டும், பதினைந்து வாரம் முடிந்த பிறகு. அதனால் கரு கலையும் அபாயம் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று வரை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு முன்பே நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம், ஆனால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோது, சந்தேகத்துக்கு இடமான அதே நஞ்சுக்கொடியைத்தான் மறுபடி கேட்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். அந்தப் பெண் காத்திருந்து ஆம்னியோ செய்துகொண்டார், குரோமோசோம்கள் இயல்பாக இருந்தன. இன்னொரு பெண்ணுக்கு உறுதியாகியிருக்கும், அவர் வேறு முடிவு எடுத்திருப்பார் அல்லது குழந்தையை வரவேற்கத் தயாராகியிருப்பார். எந்த முடிவானாலும் அது ஆம்னியோ ரிசல்ட் கைக்கு வந்த பிறகு எடுத்ததாக இருக்கும்.

'லோ ரிஸ்க்' என்றால் 'குழந்தை நார்மல்' என்பது

இல்லை. இதயக் கோளாறு, முதுகுத்தண்டுக் குறைபாடு எதுவும் இதில் தெரியாது.

ரிசல்ட் வராவிட்டால் 'மறுபடி ரத்தம் கொடுங்க' என்று அனுப்பிவிடுவது

நஞ்சுக்கொடி டி.என்.ஏ.வின் பங்கு ஏறக்குறைய 4 சதவீதத்துக்குக் கீழே போனால் பல லேப்களில் ரிசல்ட் தரமாட்டார்கள். தாயின் உடல் எடை அதிகமாக இருந்தால் இது சாதாரணம். ஆனால் ட்ரைசோமி 13, 18, ட்ரிப்ளாய்டி (குரோமோசோம்களின் ஒரு முழுத் தொகுதியே கூடுதலாக இருப்பது) ஆகியவற்றில் நஞ்சுக்கொடி சிறிதாக இருப்பதாலும் பங்கு குறையலாம். எனவே ஸ்கேனைப் பார்க்காமல், ஆம்னியோ பற்றிப் பேசாமல், வெறுமனே அடுத்த குழாயை நீட்டாதீர்கள்.

என்.டி. ஸ்கேனை விட்டுவிடுவது

விடாதீர்கள். இந்த ஸ்கேனில் கருவின் பிடரித் தோலுக்கு அடியில் உள்ள நீரின் தடிமனை அளப்பார்கள். அது 3.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பேச்சு நேரே ஆம்னியோவுக்குப் போக வேண்டும்.

இரட்டைக் கருவில் ஒன்று மறைந்ததா என்று கேட்காதது

கேளுங்கள். மறைந்த கருவின் டி.என்.ஏ.வும் ரத்தத்தில் மிதந்து ரிசல்ட்டைக் குழப்பலாம்.

எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதைச் சாதனையாக எண்ணுவது

நெதர்லாந்தில் 2017 ஏப்ரலில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைத் திறந்தார்கள். முதல் ஆண்டில் எடுத்தவர்கள் 42 சதவீதம். பக்கத்து நாடான பெல்ஜியத்தில் முக்கால்வாசிக்கும் மேல். அங்கே அநேகமாக இலவசம், நெதர்லாந்தில் அப்போது 175 யூரோ கைக்காசு போட வேண்டும், அது ஒரு காரணம். இன்னொன்று, நெதர்லாந்தில் 'இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா' என்று முதலில் உட்காரவைத்துக் கேட்கிறார்கள், வேண்டாம் என்பதும் அங்கே சாதாரணமான பதில். நம் புதியவர்களோ, யாராவது வேண்டாம் என்றால் தங்கள் விளக்கம் தோற்றுவிட்டது போல முகம் வாடி, மறுநாள் போன் போட்டு மறுபடி கேட்கிறார்கள். வேண்டாம் என்றவரின் ஃபைலில் 'விளக்கம் கேட்டார், மறுத்தார்' என்று எழுதி, ஸ்கேன் தேதியைக் கொடுத்து அனுப்புங்கள்.