எலித் தமனியில் ஈஸ்ட்ரோஜன் சோதனை: முடிவைக் கெடுக்கும் தவறுகள்

எலியின் கரோடிட் தமனிக்குள் (கழுத்துத் தமனி) பலூன் கதீட்டரை, அதாவது நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாயைச் செலுத்தி, ஊதி, பின்னால் இழுத்தால் எண்டோதீலியம் என்னும் உட்புறச் செல் படலம் உரிந்துவிடும். ஓரிரு நாளில் தமனிச் சுவரின் நடுவடுக்கிலுள்ள மென்தசைச் செல்கள் பெருகத் தொடங்கும். நான்காம் நாள் வாக்கில் அவை உள்ளடுக்குக்கு நகரும். 14ஆம் நாளில் நியோஇன்டிமா, அதாவது உள்பக்கம் புதிதாக வளர்ந்த அடுக்கு, நன்றாகத் தடித்திருக்கும். சூலகம் அகற்றி, சொந்த ஈஸ்ட்ரோஜன் சுரப்பை நிறுத்திய எலிக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் இந்தத் தடிப்பு குறைகிறது.

ஹார்மோனைத் தாமதமாகத் தொடங்குவதுதான் முதல் தவறு. செல் பெருக்கம் முதல் சில நாட்களிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். காயம் ஏற்படும்போதே ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் இருக்க வேண்டும்.

சூலகம் முழுதாக அகற்றப்பட்டதா என்பதைக் கடைசியில் கருப்பையை எடைபோட்டுப் பாருங்கள். ஹார்மோன் கொடுக்காத எலியின் கருப்பை சுருங்கியிருக்காவிட்டால் அந்த எலியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சோயா கலந்த தீவனமும் வேண்டாம். அதிலுள்ள தாவர ஈஸ்ட்ரோஜன்கள் ஹார்மோன் கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழுவையே குழப்பிவிடும். செல் வளர்ப்பிலும் இதே தொல்லை உண்டு. ஊடகத்துக்கு நிறம் தரும் ஃபீனால் ரெட் லேசான ஈஸ்ட்ரோஜன்போல் செயல்படும். சீரத்திலும் ஹார்மோன் இருக்கும். ஆகவே ஃபீனால் ரெட் இல்லாத ஊடகம், கரியால் ஹார்மோன் நீக்கிய சீரம், இரண்டும் தேவை.

உள்ளடுக்குக்கும் நடுவடுக்குக்கும் உள்ள விகிதத்தை மட்டும் அளப்பதும் ஏமாற்றும். குழாயே சுருங்கினாலும் உள்விட்டம் குறையும், விகிதம் அதைக் காட்டாது. நடுவடுக்கின் வெளி எல்லையான வெளி மீள்தகட்டின் சுற்றளவையும் அளவிடுங்கள். அழுத்தம் கொடுக்காமல் பதப்படுத்திய தமனி சுருங்கிப்போகும் என்பதால் அந்த அளவை நம்ப முடியாது.

இவற்றைவிடப் பெரிய பிழை, 'பெண் ஹார்மோன்கள்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது. மெட்ராக்சிப்ரொஜெஸ்டிரோன் என்னும் செயற்கை புரோஜெஸ்டின் ஹார்மோனைச் சேர்த்துக் கொடுத்தால் எலியில் ஈஸ்ட்ரோஜனின் பயன் மறைகிறது. 1998இல் வெளிவந்த ஹெர்ஸ் ஆய்வில், இதயநோயுள்ள 2,763 பெண்களில் ஒரு பாதிக்குக் கொடுக்கப்பட்டது இந்தக் கலவைதான். சராசரியாக 4.1 ஆண்டுகள் கவனித்தும் மாரடைப்பு குறையவில்லை. பலரும் இதைக் காட்டி எலிச் சோதனை பொய் என்கிறார்கள். ஆனால் அங்கே பலூன் காயம் இல்லை. பழைய கொழுப்புப் படிவு இருந்தது, சராசரி வயதும் 66ஐத் தாண்டியிருந்தது.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை வேண்டும்: எலியில் பலித்தது மனிதரிடமும் பலிக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனின் உற்பத்தியைத் தடுக்கும் சிலாசாப்ரில் மருந்து எலியில் நியோஇன்டிமாவை வெகுவாகக் குறைத்தது. பலூன் சிகிச்சை பெற்ற மனிதர்களிடம் நடந்த மெர்கேட்டர் சோதனையில் அது மறுஅடைப்பை, அதாவது திறந்த தமனி மீண்டும் குறுகுவதைத் தடுக்கவில்லை. எலிக்குக் கொடுத்த அளவு உடல் எடைக்குப் பல மடங்கு அதிகம். தவிர, எலியின் தமனி நோயில்லாதது.