தடுப்பானைத் தேடும் முன் புழுவின் குடலைப் பாருங்கள்

பூச்சியின் செரிமான நொதிகளை முடக்கும் புரதத்தை, அதாவது தடுப்பானை, பயிரிலேயே உருவாகச் செய்து பயிரைக் காக்கும் ஆய்வுக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு புரதத்தின் பெயரோடுதான் என்னிடம் வருகிறார்கள். "சோயா டிரிப்சின் தடுப்பானை எடுத்துக்கொள்ளலாமா?" என்பார்கள். எந்தப் பூச்சிக்கு என்று திருப்பிக் கேட்பேன். தேர்வு அங்கேதான் தொடங்குகிறது.

காய்ப்புழு போன்ற அந்துப்பூச்சிப் புழுக்களின் நடுக்குடல் கடும் காரத்தன்மை உடையது. அங்கே செரீன் வகையைச் சேர்ந்த டிரிப்சின், கைமோட்ரிப்சின் நொதிகளே புரதத்தைச் செரிக்கின்றன. பயறு வண்டுகள் பலவற்றின் குடலோ லேசான அமிலம். சிஸ்டீன் வகை நொதிகளுக்கே அங்கு பெரும்பங்கு. அந்த வண்டுக்கு டிரிப்சின் தடுப்பானைக் கொடுப்பதில் பலன் குறைவு.

ஆகவே முதல் வேலை: நீங்கள் காக்க நினைக்கும் பயிரையே தின்று வளர்ந்த புழுக்களைப் பனிக்கட்டிமேல் வைத்துப் பிளந்து, நடுக்குடலை எடுத்துச் சாறாக்குங்கள். செரிக்கும்போது நிறத்தை வெளிவிடும் அசோகேசீன் என்ற புரதத்தைக் கொண்டு மொத்தச் செரிப்புத் திறனை, அந்தக் குடலின் பிஎச் (அமில-கார) அளவிலேயே அளவிடுங்கள். பிறகு சாற்றின் ஒரு பகுதியில் செரீன் வகை நொதிகளை முடக்கும் பிஎம்எஸ்எஃப் என்ற வேதிப்பொருளையும், இன்னொன்றில் சிஸ்டீன் வகையை முடக்கும் இ-64-ஐயும் சேர்த்துப் பாருங்கள். முன்னதில் செரிப்பு சரிந்தால் செரீன் வகை, பின்னதில் சரிந்தால் சிஸ்டீன் வகை.

தடுப்பான்களை ஒப்பிடுவதும் இதே சாற்றில்தான் நடக்க வேண்டும். மாட்டு டிரிப்சினை அழகாக முடக்கும் புரதம் புழுவின் டிரிப்சினிடம் தோற்றுப்போவது சாதாரணம். தடுப்பானைச் சாற்றோடு சில மணி நேரம் ஊறவிட்டு, அது சிதையாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். கொண்டைக்கடலையின் சொந்தத் தடுப்பான்களைப் பச்சைக்காய்ப்புழு சிதைத்துவிடுகிறது; அது வழக்கமாகத் தின்னாத சிறகவரையின் தடுப்பான்கள் அதைவிட நன்றாக வேலை செய்தன. பூச்சிக்குப் பழக்கமில்லாத செடிகளில் தேடச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது பலரும் தாண்டிப் போகும் கட்டம். என் கணக்கில் இதுதான் உயிர்நாடி. செயற்கை உணவில் தடுப்பானைக் கலந்து கொடுத்து, புழுவின் எடையையும் கூட்டுப்புழுவாகும் காலத்தையும் குறித்துவையுங்கள். உடனே சாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். வளர்ச்சி பின்தங்குவதுதான் வழக்கமான விளைவு. அப்படி வளர்ந்த புழுக்களின் குடலை மறுபடி எடுத்து, அதே தடுப்பானைச் சேர்த்துப் பாருங்கள். செரிப்பு குறையாமல் நடந்தால், தடுப்பானுக்கு மசியாத நொதிகளைப் புழு சுரக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். 1995-இல் ஆய்வாளர் யோங்ஸ்மா குழுவினர் ஸ்போடோப்டெரா எக்சிகுவா என்ற அந்துப்பூச்சியின் புழுவில் காட்டியது இதைத்தான். புதிதாகச் சுரக்கும் அந்த நொதிகளையும் முடக்கும் இரண்டாவது தடுப்பானைத் தேடி முதலாவதோடு இணைத்துவிடுங்கள். பருத்தியில், புகையிலை இனச் செடியான நிக்கோட்டியானா அலாட்டாவின் தடுப்பானையும் உருளைக்கிழங்கின் தடுப்பானையும் சேர்த்தது இந்த வழியில்தான்.

விதையைத் துளைக்கும் வண்டுகளுக்கு மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியையும் குறிவைக்கலாம். ராஜ்மாவின் அமைலேஸ் தடுப்பான் பட்டாணியை வண்டிடமிருந்து நன்றாகவே காத்தது. ஆனால் அந்தப் பட்டாணியைத் தின்ற எலிகளிடம் நோயெதிர்ப்பு மாற்றம் தென்பட்டதால் ஆஸ்திரேலியாவில் அந்த முயற்சி 2005-இல் கைவிடப்பட்டது. உண்ணும் பாகத்தில் தடுப்பான் சேருமானால், சமைத்த பின் அது செயலிழக்கிறதா, பாலூட்டிகளின் நொதிகளையும் பிடிக்கிறதா என்பதைச் செடியை உருவாக்கும் முன்பே சோதித்துவிடுங்கள்.